மூடி ஆடக் கூடாது

லேப்டாப் ஒன்றைக் கையில் கொடுத்தால் எல்லோரும் முதலில் பட்டனைத்தான் அழுத்துவார்கள். உரைகல் அந்தப் பக்கமே போக மாட்டார். உயிர் வருகிறதா என்று பார்க்கிறவன் பொம்மை வாங்க வந்தவன், உடம்பைப் பார்க்கிறவன்தான் மிஷின் வாங்க வந்தவன் என்பது அவர் கட்சி. மூடியைப் பாதி திறந்து அப்படியே நிறுத்துவார். மேசையில் உள்ளங்கையால் ஓங்கி ஒரு அறை விடுவார். மூடி ஆடினால் அந்த மிஷின் கதை அங்கேயே முடிந்தது. ஆடாமல் நின்றால் ஒரு மூலையை மட்டும் பிடித்துத் தூக்கி, உடம்பு முறுக்கிக்கொள்கிறதா என்று பார்ப்பார். கீபோர்டின் நடுவில் கட்டைவிரலை ஊன்றிப் பள்ளம் விழுகிறதா என்று பார்ப்பார். மூடியின் முதுகை அழுத்தித் திரையில் அலை ஓடுகிறதா என்று பார்ப்பார். கடைசியாகக் காதோரம் வைத்து, தேங்காய் வாங்குகிறவர் மாதிரி விரல் முட்டியால் இரண்டு தட்டு. அதோடு தீர்ப்பு.

அவர் வேலை பார்த்தது இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காகச் சேதத்தை நேரில் போய்ப் பார்த்துச் சொல்கிற ஒரு நிறுவனத்தில், கொள்முதல் பிரிவில். முந்நூறு சர்வேயர்கள். எரிந்த கிடங்கு, நசுங்கிய கார், இடிந்த சுவர் என்று எங்கே எது கெட்டாலும் போய் நின்று படம் எடுத்து எழுதுகிறவர்கள். அவர்கள் கையில் லேப்டாப் படுவது நாய் படாத பாடு. கார் பானெட்டில் வைத்துத் திறப்பார்கள், மூட்டை மேல் வைத்துத் திறப்பார்கள், ஸ்கூட்டர் சீட்டில் வைத்துத் திறப்பார்கள். எந்த மிஷின் இதையெல்லாம் தாங்கும் என்று சொல்லத் தெரிந்த ஆளுக்கு அங்கே தனி மதிப்பு. பத்தொன்பது வருஷமாக அந்த ஆள் இவர்தான். உரைகல் என்று பெயர் வைத்தது யாரென்று தெரியாது. அதில் பாதி கேலி, பாதி மரியாதை. அவர் மரியாதைப் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்.

அவர் புகழுக்கெல்லாம் உச்சம் சாம்பல் லாட். நாலு வருஷத்துக்கு முன்னால் முந்நூறு சாம்பல் நிற லேப்டாப்புகளை அவர்தான் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். மூடியைத் திறக்க இரண்டு கை வேண்டும். மூடியைத் தாங்கும் கீலில், அதாவது ஹின்ஜில், அவ்வளவு பிடிப்பு. எந்தக் கோணத்தில் விட்டாலும் அந்தக் கோணத்தில் சுவர் மாதிரி நிற்கும். "இறுக்கம்தான் மேடம் ஆயுசு" என்று அன்று அவர் சொன்னதை மேனேஜர் மேடம் அப்படியே ஏற்றுக்கொண்டார். நாலு வருஷத்தில் ஒன்றுகூடக் கழிசடை அறைக்குப் போகவில்லை. போன வருஷக் கூட்டத்தில் மேடம் இதைச் சொன்னதும் எல்லோரும் கைதட்டினார்கள். இவர் எழுந்து நின்று கும்பிட வேண்டியதாயிற்று. அந்தக் கைதட்டலை அவர் மனைவியிடம் மூன்று தடவையும் மாமியாரிடம் இரண்டு தடவையும் சொன்னார். மாமியாரிடம் சொன்னபோது தட்டியவர்களின் எண்ணிக்கை கொஞ்சம் கூடியிருந்தது.

இப்படி ராஜாவாக இருந்த மனுஷனுக்கு வினை சகலை ரூபத்தில் வந்தது. அதையும் அவரேதான் கூப்பிட்டு உள்ளே விட்டார்.

சகலை இவரைவிட எட்டு வயது இளையவன், மனைவியின் தங்கை புருஷன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ரிப்பேர் கடை வைத்திருந்தான். இரண்டரை வருஷத்துக்கு முன்னால் ரோட்டை அகலப்படுத்துகிறோம் என்று வரிசையாக இடித்ததில் கடை போய்விட்டது. இரண்டு மாதம் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தான். மனைவி ஒரு நாள் துணி மடித்துக்கொண்டே பேச்சை எடுத்தாள்.

"உங்க ஆபீஸ்ல ரிப்பேர் பாக்க ஆள் இல்லைன்னு சொன்னீங்களே. நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதுமே."

நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும் என்று யாராவது சொல்லிவிட்டால் அவர் மலையைக்கூடத் தள்ளிப் பார்ப்பார். மறுநாளே சொன்னார். கீழ்த்தளத்தில் படிக்கட்டுக்கு அடியில் இருந்த அறையைச் சுத்தம் பண்ணி, ஒரு மேசை, ஒரு விளக்கு, சுவரில் ஜன்னல் மாதிரி ஒரு கவுன்ட்டர் வைத்து அவனை உட்கார வைத்தார்கள்.

முதல் இரண்டு மாதம் அவருக்கு நன்றாகவே இருந்தது. பார்ப்பவர்களிடம் எல்லாம் "நம்ம சகலைதான், நான்தான் கொண்டுவந்தேன்" என்று அறிமுகம் செய்து வைத்தார். அதில்தான் தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டார். அந்தச் சொல் எல்லோர் வாயிலும் ஒட்டிக்கொண்டது. வாட்ச்மேனுக்கு அவன் சகலை, டிரைவருக்குச் சகலை, கல்யாணமே ஆகாத டைப்பிஸ்டுக்கும் சகலை. உலகத்திலேயே அவனைச் சகலை என்று கூப்பிட உரிமையுள்ள ஒரே ஆள் மூன்றாவது மாடியில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் அந்த வரிசை. காலையில் உள்ளே நுழையும்போதே படிக்கட்டுக்கு அடியில் ஐந்து பேர் நிற்பார்கள். சாயங்காலம் போகும்போது ஏழு பேர். அப்படி என்னதான் இருக்கிறது அங்கே? ஒரு ஸ்க்ரூ டிரைவரும் ஒரு டார்ச்சும்தானே? முன்பெல்லாம் வீட்டுக்கு லேப்டாப் வாங்க நினைக்கிறவர்கள் மூன்று மாடி ஏறி வந்து, "சார், எது எடுக்கலாம்?" என்று இவர் மேசைக்கு முன்னால் நிற்பார்கள். இப்போது இவராகப் போய், "என்னப்பா, பையனுக்கு வாங்கப்போறேன்னு சொன்னியே" என்று கேட்டால், "சகலைகிட்ட கேட்டுட்டேன் சார்" என்கிறார்கள்.

வீட்டிலும் அதே கதை. மகள் காலேஜுக்கு இவர் ஒன்றைத் தட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார். மகள், "நல்லாதான்ப்பா இருக்கு, எதுக்கும் சித்தப்பாவை ஒரு வார்த்தை கேட்டுடலாமா?" என்றாள். மாமியார் வீட்டுக் கூடத்தில் ஃபேனுக்கு நேர் கீழே ஒரு நாற்காலி உண்டு. பதினெட்டு வருஷமாக அது மூத்த மாப்பிள்ளைக்கு. போன மாதம் போனபோது அதில் சகலை உட்கார்ந்து மாமியாரின் ரேடியோவைப் பிரித்துப் போட்டிருந்தான். அவன் மரியாதையாக எழுந்திருக்கத்தான் பார்த்தான். மாமியார் விட்டால்தானே?

"நீங்க இப்படி ஓரமா உக்காருங்க மாப்ளே. அவருக்கு வெளிச்சம் வேணும்."

பொறாமை என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் வரும். "எனக்கு எதுக்குய்யா பொறாமை? வேலை வாங்கிக் கொடுத்ததே நான்தானே?" என்பார். பேரை எப்படி வைத்தாலும் எரிந்தது வயிறுதான். அவன் சிரித்தால் எரிந்தது. அவனுக்கு யாரோ பிஸ்கட் பொட்டலம் கொண்டுவந்து கொடுத்ததைப் பார்த்தால் எரிந்தது. அவன் தன்னை "அண்ணே" என்று வாய் நிறையக் கூப்பிட்டால் இன்னும் எரிந்தது. ஒரு குறை கண்டுபிடித்தாலாவது ஆறும். அந்தப் பாவி குறையும் வைக்கவில்லை.

இந்த நிலையில்தான் மேடம் கூப்பிட்டு அனுப்பினார். சாம்பல் லாட்டுக்கு ஆயுசு முடியப்போகிறது, புதிதாக முந்நூறு வாங்க வேண்டும். மூன்று கம்பெனிகளிலிருந்து மாதிரி மிஷின்கள் வந்திருந்தன. பெயரைப் பார்த்து மயங்கக் கூடாது என்று மேடமே கம்பெனி முத்திரைகளை மறைத்து, சிவப்பு, நீலம், மஞ்சள் என்று ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருந்தார். இதுவரை எல்லாம் வழக்கம்தான்.

"இந்தத் தடவை நீங்களும் உங்க சகலையும் பாருங்க சார். ஆளுக்கு ஒரு தாள் எழுதிக் குடுங்க. வியாழக்கிழமைக்குள்ள வேணும். திங்கட்கிழமை உக்காந்து முடிவு பண்ணிடலாம்."

பரிசோதனைத் தாள் என்பது ஒற்றைப் பக்கம். கீழே ஒரே ஒரு கையெழுத்துக்குத்தான் கோடு போட்டிருக்கும். பத்தொன்பது வருஷமாக அந்தக் கோட்டில் அவர் பேனாதான் ஓடியது. இப்போது இரண்டு தாள்.

மேசையில் விட்ட முதல் அறையிலேயே சிவப்பு தலையை ஆட்டிவிட்டது. அதை இருவருமே ஒதுக்கினார்கள். நீலத்தைத் தொட்டதும் உரைகல்லுக்கு உடம்பு சிலிர்த்தது. பெட்டகக் கதவு மாதிரி மூடி. இரண்டு கையாலும் திறந்து பாதியில் விட்டு மேசையை மூன்று தடவை அறைந்தார். டீ டம்ளர் குதித்ததே தவிர மூடி அசையவில்லை. மஞ்சளை ஒரு விரலால் தூக்கினால் வாயைப் பிளக்கிறது. மேசையைத் தட்டினால் மூடி லேசாகத் தலையாட்டுகிறது, ஏதோ பாட்டுக் கேட்கிற மாதிரி.

சகலை மேசையை எல்லாம் தட்டவில்லை. மூன்றையும் கீழே கொண்டுபோய்க் குப்புறப் போட்டு எல்லா ஸ்க்ரூவையும் கழற்றி, டார்ச் அடித்து உள்ளே பார்த்தான். திரும்பப் பூட்டி, ஒரு வாரம் ஒவ்வொன்றாகத் தன் பையில் போட்டுப் பஸ்ஸில் வீட்டுக்கும் ஆபீஸுக்கும் தூக்கிக்கொண்டு அலைந்தான். வியாழக்கிழமை தாளில் மஞ்சள் என்று எழுதினான்.

உரைகல் படியிறங்கி வந்தே கேட்டுவிட்டார். "என்ன சகலை, அந்த ஆட்டம் போடுறதையா எழுதியிருக்கே?"

"நீலம் ரொம்ப இறுக்கம்ணே."

"இறுக்கம்தானேப்பா வேணும்? சாம்பல் லாட் எப்படி நிக்குது? அந்த ஹின்ஜ் பிடிப்புலதானே நிக்குது?"

சகலை வாயைத் திறந்தான். எதையோ சொல்ல வந்தவன் மென்று விழுங்கினான். "உங்களுக்குத் தெரியாததாண்ணே" என்று சொல்லிவிட்டுக் கையிலிருந்த சார்ஜரைத் துடைக்க ஆரம்பித்தான்.

விழுங்கிய அந்த வார்த்தை இவர் தொண்டையில் முள்ளாகக் குத்தியது. எதை மறைக்கிறான்? இரவெல்லாம் யோசித்ததில் ஒரு விடை கிடைத்தது. விடை கிடைத்த சந்தோஷத்தில் தூக்கமும் வந்தது. மஞ்சள்காரன் இவனுக்கு ஏதோ கொடுத்திருக்கிறான். ஒரு ஃபோனோ, ஒரு கைக்கடிகாரமோ. அடேயப்பா, நல்லவன் நல்லவன் என்று ஊரே தலையில் வைத்துக் கூத்தாடுகிறதே, வெளிச்சம் போட்டுக் காட்டுகிறேன் பார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை சகலை லீவு. மகள் பள்ளிக்கூடத்தில் டீச்சரைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். எல்லா அறைகளின் மாற்றுச் சாவியும் கொள்முதல் பிரிவில்தான் இருந்தது. பதினோரு மணிக்கு, எல்லோரும் டீக்குப் போன நேரமாகப் பார்த்து, உரைகல் படிக்கட்டுக்கு அடியில் இருந்த கதவைத் திறந்து உள்ளே போனார். போகும்போது தும்மல் வந்தது, அடக்கிக்கொண்டார்.

மேசை துடைத்து வைத்தது போல் இருந்தது. அதுவே அவருக்கு எரிச்சல். முதல் இழுப்பறையில் ஸ்க்ரூ டிரைவர்கள். இரண்டாவதில் இரண்டு டியூபாக வரும் பசை, இரண்டையும் கலந்து ஒட்டினால் கல்லாகிவிடும் ரகம். அதில் காலி டியூப்கள் மட்டுமே ஒரு பை நிறைய. மூன்றாவது இழுப்பறையைத் திறந்தார். உள்ளே ஒரு சின்னக் கண்ணாடி ஜாம் பாட்டில். ஃபோனும் இல்லை, கடிகாரமும் இல்லை. பாட்டில் முக்கால்வாசி பித்தளை நட்டுகள். மிளகைவிடக் கொஞ்சம் பெரிது. ஒவ்வொன்றின் மேலும் பிளாஸ்டிக் பிசிறு ஒட்டியிருந்தது, பிடுங்கிய பல்லில் சதை ஒட்டியிருக்கிற மாதிரி.

பிசிறின் நிறம் சாம்பல்.

அப்போதும் அவருக்குப் புரியவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். புரிய வேண்டாம் என்று மனசு அடம் பிடித்தது. அலமாரியில் எட்டு சாம்பல் லேப்டாப்புகள் வரிசையாக இருந்தன. ஒன்றை எடுத்தார். பழக்கதோஷத்தில் இரண்டு கையையும் கொடுத்தார். மூடி ஒரு கைக்கே திறந்துகொண்டது. அவருடைய சாம்பல் லாட், ஒரு கைக்கு. கீலின் பக்கம் உற்றுப் பார்த்தால் மூலையில் பசைக் கோடு தெரிந்தது. அடுத்ததிலும் தெரிந்தது. அதற்கடுத்ததில் இன்னும் ஒட்டவில்லை. கீல் நட்டோடு பிய்ந்து, மூடி தொங்கியது.

கவுன்ட்டர் ஜன்னலை யாரோ தட்டினார்கள். சர்வேயர் பெண் ஒருத்தி, தோளில் பை.

"சகலை இல்லையா சார்? என் மிஷின் ஆயிடுச்சான்னு பாக்க வந்தேன்."

"என்ன ரிப்பேர்?"

அவள் இவரைப் பார்த்துத் தயங்கினாள். "சும்மா சர்வீஸ் சார்."

"ஹின்ஜா?"

"உங்களுக்குத் தெரியுமா சார்? அப்பாடா." அவளுக்குப் பாரம் இறங்கிவிட்டது. "இது எனக்கு ரெண்டாவது தடவை. எல்லாருக்குமே அதுதானே. நாங்க அவசரத்துல மூலையைப் பிடிச்சுத் திறப்போம். அது கல்லு மாதிரி வராது, இழுத்தா உள்ள பிச்சுக்கும். சகலை ஒட்டிட்டு, கொஞ்சம் லூஸ் பண்ணிக் குடுப்பாரு. அதுக்கப்புறம் பூ மாதிரி திறக்கும். ஆனா யார்கிட்டயும் சொல்லாதீங்க, அண்ணன் ஆசையா எடுத்த லாட், அவர் மனசு கஷ்டப்படும்னு எங்ககிட்டச் சொல்லுவாரு."

அவள் போன பிறகு உரைகல் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். காலையில் ஐந்து பேர், சாயங்காலம் ஏழு பேர். இரண்டரை வருஷமாக எந்த வரிசையைப் பார்த்து வயிறு எரிந்தாரோ, அந்த வரிசை முழுக்க நின்றது அவர் செய்த தப்புக்கு. அலமாரியின் கீழ்த்தட்டில் நீலமும் மஞ்சளும் மறுபடியும் முதுகு கழற்றிக் கிடந்தன. டார்ச்சை எடுத்துப் பார்த்தார். நீலத்தில் கீலின் பாதம் பிளாஸ்டிக்கில் பதித்த நட்டுகளில் நின்றது, சாம்பல் மாதிரியே. மஞ்சளில் அடியில் ஒரு உலோகத் தகடு ஓடியது, கீல் அதில் நின்றது. மூடி தலையாட்டியதே தவிர வேர் ஆடவில்லை. டார்ச்சை அணைத்தார். கதவைப் பூட்டிக்கொண்டு மேலே வந்து உட்கார்ந்த பிறகுதான் பார்த்தார், ஜாம் பாட்டில் கால்சட்டைப் பையில் இருந்தது.

சனிக்கிழமை வீட்டில் தன் சாம்பல் லேப்டாப்பை எடுத்து வைத்துப் பார்த்தார். அது மட்டும் முதல் நாள் மாதிரி இறுக்கம். அதைத் திறக்கும்போதெல்லாம் இரண்டு கையாலும், நடுவில் பிடித்து, கைக்குழந்தையைத் தூக்குவது போலத் திறந்தார். நாலு வருஷமாக அவர் மிஷினில் ஒரு குறையும் தெரியாததற்கு அதுதான் காரணம். கார் பானெட்டில் வைத்து ஒரு கையில் குடையோடு அதைத் திறக்கிறவர்களைப் பற்றி அவர் நினைத்துப் பார்த்ததில்லை.

இத்தனைக்கும் பிறகு மனம் திருந்தினார் என்று எழுதினால் அது பொய். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் வேறொரு கணக்குப் போட்டுவிட்டார். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். சாம்பல் லாட் புகழோடு போய்ச் சேரும். தாளில் நீலம் என்று எழுதியாயிற்று. அது வரட்டும். பிய்ந்தால்? அதுதான் ஒட்டுவதற்கு ஒருத்தன் இருக்கிறானே, ஒட்டட்டும். மூன்று வருஷத்தில் இவரும் ரிட்டயர் ஆகிவிடலாம். இவ்வளவு கேவலமான யோசனை தனக்கு வந்ததில் அவருக்கே கொஞ்சம் கூச்சம்தான். ஆனால் அவன் பேருக்குக் கீழே தன் பேர் போவதை நினைத்தால் கூச்சம் ஓடிவிட்டது.

திங்கட்கிழமை பத்து மணிக்கு மேடம் அறையில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். மேசை மேல் நீலம், மஞ்சள், இரண்டு தாள்கள். சகலையின் முகம் வாடியிருந்தது. இழுப்பறையைத் திறந்து பார்த்திருப்பான் என்று இவருக்குத் தோன்றியது. யார் கண்ணிலும் படாமல் திருப்பி வைத்துவிடலாம் என்று கொண்டுவந்த பாட்டில் இன்னும் இவர் கால்சட்டைப் பையில்தான் இருந்தது.

"ஒருத்தர் நீலம்ங்கறீங்க, ஒருத்தர் மஞ்சள்ங்கறீங்க" என்றார் மேடம். "எனக்கு ஒரு பேர் வேணும்."

உரைகல் தொண்டையைச் செருமினார். அதற்குள் சகலை முந்திக்கொண்டான்.

"அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும் மேடம். நீலமே எடுத்துக்கலாம். எனக்கு ரிப்பேர்தான் தெரியும், இந்த அளவுக்குப் பாத்து எடுக்கத் தெரியாது. என் தாளைக் கிழிச்சுடுங்க."

"அப்ப நீலம். சாம்பல் லாட் மாதிரியே நிக்கட்டும்." மேடம் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

ஜெயித்தாயிற்று. இரண்டரை வருஷமாக எதற்காக ஏங்கினாரோ அது மேசைக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டது. ஆனால் அவருக்குள் எழும்பியது சந்தோஷம் இல்லை. அடப்பாவி, இத்தனை நாள் என் மானத்தைப் பசை போட்டு ஒட்டினது போதாதா, இப்போது வெற்றியையும் நீயே பிச்சை போடுகிறாயா? தோற்கவாவது என்னைத் தனியாக விடக் கூடாதா? நல்லவனாக இருப்பதிலும் எனக்கு முன்னால் போய் வரிசையில் நிற்கிறாயே. எரிச்சல் தலைக்கேறி, கை தானாகக் கால்சட்டைப் பைக்குள் போயிற்று.

"மேடம், ஒரு நிமிஷம்."

ஜாம் பாட்டிலைத் திறந்து தாள்களின் மேல் கவிழ்த்தார். பித்தளை நட்டுகள் கலகலவென்று கொட்டி உருண்டன. இரண்டு கீழே விழுந்தன. யாரும் குனிந்து எடுக்கவில்லை.

"என்ன சார் இது?"

"இதுதான் மேடம் என் சாம்பல் லாட். இறுக்கம்தான் ஆயுசுன்னு சொன்னேன் பாருங்க, அந்த இறுக்கமே இதையெல்லாம் பிடுங்கிடுச்சு. மூலையைப் பிடிச்சு இழுக்க இழுக்க ஹின்ஜ் விட்டுக்குடுக்காது, பிளாஸ்டிக்தான் பிச்சுக்கும். ஒண்ணுகூடக் கழிசடைக்குப் போகலைன்னா அது நான் பாத்து எடுத்ததால இல்ல. இவன் கீழ உக்காந்து ஒட்டிக்கிட்டே இருந்திருக்கான். நீலமும் இதே ஜாதிதான். மஞ்சள்ல ஹின்ஜ் தகட்டுல நிக்குது. மஞ்சள் எடுங்க."

மேடம் ஒரு நட்டை எடுத்துப் பார்த்தார். பிறகு சகலையைப் பார்த்தார்.

"உங்களுக்கு இது தெரியும்."

"தெரியும் மேடம்."

"ரெண்டரை வருஷமா தெரியும். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை. இன்னிக்கும் நீலமே எடுத்துக்கலாம்னு சொல்றீங்க. இவர் வாயைத் திறக்கலைன்னா இன்னொரு முந்நூறு இதே மாதிரி வந்திருக்கும். உறவுமுறையை வீட்டோட வச்சுக்கங்க."

சகலை தலையைக் குனிந்துகொண்டான். உண்மையைச் சொல்லிவிடலாம்: அந்த ஒரு நிமிஷம் உரைகல்லுக்கு இனித்தது. இரண்டரை வருஷத்தில் முதல் தடவையாக அவனை ஒருவர் திட்டிக் காதால் கேட்டார். அடுத்த நிமிஷமே மேடம் இவர் பக்கம் திரும்பி, "இதைச் சொல்றதுக்குப் பெரிய மனசு வேணும் சார்" என்றபோது இனிப்பு போய்விட்டது. அந்த மனசு ஒரு பித்தளை நட்டு அளவுக்குக்கூட இல்லை என்பது அவருக்குத்தானே தெரியும்.

"ஆனா இனிமே பரிசோதனைத் தாள்ல கையெழுத்து அவர் போடட்டும்" என்றார் மேடம். "நீங்க கூட இருந்து பாருங்க." மஞ்சள் என்று எழுதியிருந்த தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

இரண்டு பேரும் படியிறங்கினார்கள். மூன்றாவது மாடியில் நின்றுகொள்ள வேண்டியவர் ஏனோ அவனோடு சேர்ந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தார். முதல் மாடித் திருப்பத்தில் சகலை நின்றான்.

"எதுக்குண்ணே சொன்னீங்க? நான்தான் விட்டுக்குடுத்துட்டேனே."

"நீ விட்டுக்குடுத்ததுதாம்பா தாங்கலை. சண்டை போட்டிருந்தீன்னா நான் வாயே திறந்திருக்க மாட்டேன். போதுமா? பெரிய மனசும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல."

சகலை படியில் உட்கார்ந்துவிட்டான். கொஞ்ச நேரம் கைவிரலில் ஒட்டிக் காய்ந்திருந்த பசையை உரித்துக்கொண்டிருந்தான்.

"உங்க மனசு கஷ்டப்படும்னு நான் மறைச்சதா எல்லாரும் நினைக்கிறாங்க. முதல்ல அப்படித்தான் ஆரம்பிச்சேன். போன வருஷக் கூட்டத்துல உங்களுக்குக் கைதட்டினாங்களே, அதுக்கு முந்தின நாள் மட்டும் நான் ஏழு ஹின்ஜ் ஒட்டியிருந்தேண்ணே. பின்னால நின்னு நானும் தட்டினேன். எனக்கு வயிறு எரிஞ்சுது. நீங்க தட்டிப் பாத்து ஒரு வார்த்தை சொன்னா முந்நூறு மிஷின் வந்து இறங்குது. நான் படிக்கட்டுக்குக் கீழ உக்காந்து ஒட்டுறேன். அன்னிலேருந்து அந்த நட்டையெல்லாம் பாட்டில்ல போட்டு வச்சேன். இந்த மனுஷன் என் கையாலதான் நிக்கிறாரு, அது அவருக்கே தெரியலைன்னு தினமும் அதைக் குலுக்கிப் பாப்பேன். எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான். இன்னிக்கு அதையும் மேசையில கொட்டிட்டீங்க."

உரைகல் மெல்ல அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வயிறு எரிஞ்சுதா?"

"எரிஞ்சுது."

"என்னைப் பாத்தா?"

"வேற யாரைப் பாத்து எரியும்?"

"ரொம்பவா?"

"அன்னிக்கு வீட்டுக்குப் போய் எனக்குச் சோறு இறங்கலைண்ணே."

உரைகல் எழுந்து கால்சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு, லிஃப்ட் இருந்தும் மூன்றாவது மாடிக்குப் படியேறியே போனார்.

சாயங்காலம் வீட்டில் சீக்கிரமே தட்டைப் போடச் சொன்னார். மனைவி பரிமாறிவிட்டு எதிரில் உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"என்ன, நீலம் ஜெயிச்சுடுச்சா?"

"இல்ல. மஞ்சள்தான். அவன் எழுதினதைத்தான் எடுத்தாங்க. இனிமே தாள்ல கையெழுத்தும் அவனோடதுதான்."

"அப்புறம் எதுக்கு இப்படிச் சிரிச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க?"

"இன்னும் கொஞ்சம் சோறு போடு" என்றார்.